குளியலறைச் சிக்கனமும் கொடுக்கும் ஹதியாவும்



எங்கள் ஊர் கடற்கரை ஊர். 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலை பெருகிய நாளிலிருந்து, தெருவுக்குப் பாதி வீடு சபுராளி வீடாகவே இருக்கிறது. சபுராளி ஒருவர் ஊர் வந்து இறங்கினால் தெருவே மணக்கும். பெட்டியைத் திறந்தால் மேலே சோப்பு, நடுவே பவுடர், ஓரங்களில் தைலம், அடியில் சென்ட். உறவினருக்கு இரண்டு, அண்டை வீட்டுக்கு ஒன்று, பள்ளித் தோழனுக்கு ஒன்று எனப் பங்கு பிரிப்பதற்குள் இரவு கழிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பெட்டி எங்கள் தெருவில் திறக்கப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து வந்த இளைஞர் அவர். முப்பது கிலோ பெட்டியில் பாதிக்கு மேல் சோப்பும் சென்டும்தான். ஊரே வாழ்த்தியது. பத்தாம் நாள் அவருடைய உம்மா முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ராத்தா, தங்கச்சிக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டணும். இந்த வளையலை வச்சுக்கிட்டு ஏதாவது பார்த்துக் கொடுங்க. மகன்கிட்டே கேட்க மனசு வரலே. சாமான் வாங்கவே அவன் கடன் பட்டிருக்கான் போலிருக்கு" என்றார்.

அந்த வளையலைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒன்று விளங்கியது. நம் வீட்டுப் பணம் இரண்டு வழிகளில் ஓசையின்றி ஒழுகுகிறது. ஒன்று, தினம் குளியலறையில் கரையும் சிறு சாமான்கள். மற்றொன்று, பிறர் வாய்க்குப் பயந்து கொடுக்கும் அன்பளிப்புகள். முதலாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாவதைக் கணக்குப் பார்த்தால் கஞ்சன் என்பார்களோ என்று அஞ்சுகிறோம். இந்த இரண்டு ஒழுகலையும் அடைக்கும் வழியைத்தான் இங்கே பாடமாகப் பார்க்கப் போகிறோம்.

நடுவழி எது?

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதும் விரித்துவிடவும் வேண்டாம் என்ற கருத்தைத் திருமறையின் 17ஆம் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. வீண்விரயம் செய்வோரை அதே அத்தியாயம் கடுமையாகக் கண்டிக்கிறது. மறுமையில் செல்வத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு என்பதை நாம் அறிவோம்: எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய்? பெரும்பாலோர் முதல் கேள்விக்கு மட்டும் தயாராகிறோம். சோப்புக் கட்டியும் அந்த இரண்டாவது கேள்விக்குள் அடக்கம் என்பது நினைவுக்கு வருவதில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் ஏறக்குறைய ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஒரு முத்து என்பது இரு கைகளும் சேர்த்து அள்ளும் அளவு. முக்கால் லிட்டருக்கு மேல் வராது. நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயைத் திறந்துவிட்டு மூன்று நிமிடம் உளூச் செய்தால் 18 லிட்டர் போய்விடுகிறது. சுத்தம் செய்வதிலேயே இத்தனை அளவு கற்பித்த மார்க்கம், சுத்தம் செய்யும் சாமானில் அளவு வேண்டாமென்று சொல்லுமா?

முதற் பாடம்: உறையைப் படியுங்கள்

கடைக்குப் போகும்போது பணப்பையோடு கண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம்.

சோப்பு உறையில் 'டி.எஃப்.எம்.' என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர விதிப்படி குளியல் சோப்பில் 76 சதவீதத்துக்குக் குறையாதது முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை. அதற்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே மணத்தில், ஒரே அலமாரியில் இருக்கும். கொழுப்புப் பொருள் குறைந்த கட்டி பெரும்பாலும் சீக்கிரம் குழைந்து கரையும். ஐந்து ரூபாய் மலிவென்று வாங்கியது ஐந்து நாள் முன்னதாகத் தீர்ந்துவிட்டால் அது மலிவாகுமா?

சேர்மானப் பட்டியலில் 'சோடியம் பாமேட்' என்றிருந்தால் பனை எண்ணெய் வகையில் செய்தது. 'சோடியம் டேலோவேட்' என்றிருந்தால் மிருகக் கொழுப்பில் செய்தது. அதன் மார்க்கச் சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கேட்பதற்கு முதலில் உறையைப் படித்திருக்க வேண்டும்.

அடுத்து அலகு விலை. கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று இப்போது பொட்டலத்திலேயே அச்சிடுகிறார்கள். இல்லாவிட்டால் நாமே வகுத்துப் பார்க்கலாம். கணக்குக்காகச் சொல்கிறேன்: 100 கிராம் கட்டி 40 ரூபாய் என்றால் கிராமுக்கு 40 பைசா. 125 கிராம் கட்டிகள் நான்கு சேர்ந்த பொதி 180 ரூபாய் என்றால் கிராமுக்கு 36 பைசா. இங்கே பெரியது லாபம்.

ஆனால் பெரியதெல்லாம் லாபம் என்று நம்பிவிடாதீர்கள். ஷாம்புவைப் பாருங்கள். 5 மில்லிப் பாக்கெட் ஒரு ரூபாய் என்றால் மில்லிக்கு 20 பைசா. 180 மில்லிப் புட்டி 126 ரூபாய் என்றால் மில்லிக்கு 70 பைசா. நம் நாட்டில் பல ஷாம்புகளில் சிறு பாக்கெட்டே மலிவாக இருப்பதைக் காணலாம். ஏழை எளியவர் கையில் ஷாம்புவைக் கொண்டு சேர்த்தது இந்தப் பாக்கெட்தான். கடலூரில் 1983ஆம் ஆண்டு சி.கே. ரங்கநாதன் 15 ஆயிரம் ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கிப் பெரிய நிறுவனமாக வளர்த்ததும் இந்தச் சின்னப் பாக்கெட்டை நம்பித்தான். பாக்கெட்டில் வேறொரு நன்மையும் உண்டு: கை தாராளமாகச் சாயாது. தீமையும் உண்டு: வெற்று உறைகள் சாக்கடையை அடைக்கும். ஆகவே பாக்கெட் வாங்குகிறவர்கள் உறையைச் சேர்த்துவைத்துக் குப்பை வண்டியில் கொடுப்பதையும் கடமையாகக் கொள்ளுங்கள்.

அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கடைக்காரருக்கு உரிமையில்லை. குறைத்துக் கொடுக்க உரிமையுண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் கட்டி சோப்பு, பற்பசை, பல்துலக்கி, ஷாம்பு, தலை எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 18 சதவீதம். எனவே பழைய விலை ஒட்டிய பொட்டலத்தைக் கண்டால் கேளுங்கள். குறை தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டாம் பாடம்: அளவோடு செலவழியுங்கள்

வாங்கும்போது பத்து ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, வீட்டில் இருபது ரூபாயைக் கரைத்தால் என்ன பயன்?

சோப்பை வாங்கியவுடன் உறையைப் பிரித்துக் காற்றாடும் இடத்தில் சில வாரம் வைத்தால் ஈரம் வற்றி இறுகும், மெதுவாகக் கரையும். அடியில் ஓட்டையுள்ள சோப்புப் பெட்டி வையுங்கள். தண்ணீரில் ஊறும் சோப்பைக் குளிப்பவர்களை விடத் தண்ணீர்தான் அதிகம் தின்கிறது. தேய்ந்த துண்டுகளை வீசாமல் பழைய நைலான் வலைப்பையில் போட்டுக் கட்டினால் கை கழுவ ஒரு வாரம் வரும்.

பற்பசையை விளம்பரத்தில் துலக்கியின் நீளம் முழுக்கப் பிதுக்கிக் காட்டுகிறார்கள். அது விற்பனைக்கு நல்லது. பெரியவர்களுக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பட்டாணிக்கு மேல் கூடாது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓர் அரிசி அளவுதான். ஃப்ளோரைடு கலந்த பசையைக் குழந்தைகள் விழுங்கிவிடுவதால், இது சிக்கனத்துக்காக மட்டுமல்ல, உடல்நலத்துக்காகவும் பேண வேண்டிய அளவு.

மிஸ்வாக்கை மறந்துவிட்டோம். அந்தக் குச்சி தரும் மரத்தை நம் முன்னோர் உகாய் என்றார்கள். வறண்ட மண்ணிலும் உப்பு மண்ணிலும் வளரும் மரம் அது. நம் கடலோர மாவட்டங்களிலும் உண்டு. நுனியை மென்று தும்பாக்கித் துலக்கி, தும்பு நைந்தால் வெட்டிப் புதிதாக்கிக்கொள்ளலாம். தொழுகைக்கு முன் அதைப் பயன்படுத்துவது சுன்னத்து. காசும் மிச்சம், நன்மையும் மிச்சம்.

மூன்றாம் பாடம்: மலிவில் நஞ்சு உண்டு

இதைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள். குறிப்பாக மணப்பெண் உள்ள வீடுகளில் படியுங்கள்.

முகம் வெளுக்கும் கிரீம் என்று, விலாசம் இல்லாத டப்பாக்கள் பயணப் பெட்டிகளிலும் பெருநாள் கடைகளிலும் வருகின்றன. அன்பளிப்பாகவும் கைமாறுகின்றன. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலை வெளுக்கச் செய்யும். பின்னர் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிரீம் பூசி வந்தவர்கள்!

ஆகவே, தயாரித்தவர் விலாசம், உரிம எண், தயாரித்த மாதம், காலாவதி, சேர்மானப் பட்டியல் ஆகியவை இல்லாத எதையும் முகத்தில் பூசாதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுச் சாமானாக இருந்தால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். நம் பெண்மக்களின் நிறத்தில் குறை காண்பவருக்காக அவர்களின் சிறுநீரகத்தை விலையாகக் கொடுப்பதா? அல்லாஹ் படைத்த நிறத்துக்கு வெட்கப்படத் தேவையில்லை என்று சொல்லி வளர்ப்பதே அவர்களுக்கு நாம் கொடுக்கும் முதல் ஹதியா.

நான்காம் பாடம்: ஹதியா எப்படி இருக்க வேண்டும்?

அன்பளிப்புக் கொடுத்துக்கொள்வது நேசத்தை வளர்க்கும் என்பது நபிமொழியின் கருத்து. ஓர் ஆட்டின் குளம்பேயானாலும் அண்டை வீட்டாரின் அன்பளிப்பை அற்பமாக எண்ணலாகாது என்றும் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு அண்டை வீடுகள் இருந்தால் வாசல் நெருங்கிய வீட்டுக்கு முதல் உரிமை. பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விட்டுவிடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. இவற்றில் எங்காவது விலை பேசப்பட்டிருக்கிறதா? விலையைப் பேசுவது நாம்தான்.

கொடுக்கும் பொருள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். வாங்குபவருக்குப் பயன்படுமா? கொடுப்பவர் கடன்படாமல் கொடுக்க முடியுமா? கொடுத்தவரை நினைவூட்டுமா? இந்த மூன்றுக்கும் பொருந்தும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, நல்ல அத்தர். நறுமணம் கொடுத்தால் நாயகம் (ஸல்) அவர்கள் மறுக்கமாட்டார்கள். பெரிய புட்டி வேண்டாம். கால் தோலா, அதாவது ஏறக்குறைய 3 மில்லி போதும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரம் அத்தருக்குப் பெயர்பெற்று, புவிசார் குறியீடும் பெற்றது. பூக்களையும் நீரையும் செம்புக் கொப்பரையில் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது அங்குள்ள பழைய முறை. சந்தன எண்ணெய் விலையேறியதால் இன்று பலர் பாரஃபின் எண்ணெயில் இறக்குகிறார்கள். எனவே எந்த எண்ணெயில் ஆனது என்று கேட்டு வாங்குங்கள். முதல் முகர்வை நம்பவேண்டாம். புறங்கையில் ஒரு துளி தடவிக் கடைவீதியைச் சுற்றி வந்து, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போது நிற்கும் மணம்தான் நீங்கள் காசு கொடுக்கும் மணம்.

இரண்டு, பத்தமடைப் பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் சமுதாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவருவது. கோரையைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, மேலும் மெல்லியதாகக் கீறிப் பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். மிக மெல்லிய வகைக்குப் பட்டுப்பாய் என்று பெயர், துணிபோல மடிக்கலாம். சொல்லிவைத்தால் மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் நெய்தே தருவார்கள். பட்டுப்பாய் நெய்ய நாளாகும். ஆகவே திருமணத்துக்குப் பல வாரம் முன்பே சொல்லிவையுங்கள். பேரப்பிள்ளை வரை பேர் சொல்லும் பொருள் அது. கொடுக்கும் காசு நெய்யும் பெண்களின் வீட்டில் அடுப்பெரிக்கும்.

மூன்று, நம் கையால் அரைத்த குளியல் மாவு. பச்சைப்பயறு அரைக் கிலோ. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, உலர்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ வகைக்கு 50 கிராம். வெட்டிவேர் 25 கிராம். வெட்டிவேரைப் பொடியாக நறுக்கி, எல்லாவற்றையும் நன்றாக வெயிலில் காயவைத்து மில்லில் கொடுங்கள். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். சீயக்காய் அரைக்கும் இயந்திரத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அன்பளிப்பு எரிச்சலைத் தரும்! சலித்து, ஆறவைத்து, பனையோலைப் பெட்டியில் இட்டுக் கொடுத்தால் எந்தப் பளபளப்பு டப்பாவும் அதற்கு ஈடாகாது. புதிதாகப் பூசுகிறவர் முதலில் முழங்கையின் உட்பக்கம் சிறிது தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒழுகலை அடைத்தால் என்ன சேரும்?

வளையல் கொண்டுவந்த அந்தத் தாயாரின் கதையை முடிக்க வேண்டும். அன்று வளையலை வாங்காமல் பணம் கொடுத்தனுப்பினேன். மறுவாரம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு மாதச் சோப்பு, பசை, ஷாம்பு, பவுடர், சென்ட் கணக்கை எழுதினோம். ஆறு பேர் உள்ள வீட்டில் 1,200 ரூபாய் வந்தது. அவரே நம்பவில்லை. "இத்தனையா தண்ணியிலே விட்டோம்?" என்று வாயில் கைவைத்தார். மேலே சொன்ன முறைகளைக் கையாண்டதில் மூன்றாம் மாதம் அது 800 ஆயிற்று. மிச்சமான 400 ரூபாயை மாதந்தோறும் மண் உண்டியலில் போட்டார். ஆண்டுக்கு 4,800 ரூபாய்!

மகனிடமும் பேசினார். "வாப்பா, பெட்டி நிறைய வேண்டாம். நீ நல்லபடியா வந்தாப் போதும். கேட்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னதை நானே பக்கத்திலிருந்து கேட்டேன். அடுத்த முறை அவர் வந்தபோது பெட்டி சிறியது. நெருங்கியவர்களுக்குக் கால் தோலா அத்தர், அவ்வளவுதான். நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்தார்கள். பேச்சு ஒரு வாரத்தில் ஓய்ந்தது. கடன் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் ஓயுமா? தங்கையின் நிக்காஹுக்கு உண்டியல் பணத்தில் பெயர் நெய்த பட்டுப்பாய் வந்தது. வளையல் அந்தத் தாயாரின் கையிலேயே இருந்தது.

வீட்டில் செய்து பார்க்க

1. இந்த மாதம் குளியலறைச் சாமான்களுக்கு ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள்.

2. வீட்டில் உள்ள சோப்பு உறையில் டி.எஃப்.எம். எவ்வளவு என்று பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

3. விலாசமும் உரிம எண்ணும் இல்லாத கிரீம் இருந்தால் இன்றே ஒதுக்குங்கள்.

4. மிச்சத் தொகையை உண்டியலில் போட்டு, யாருக்கு என்ன ஹதியா என்று குடும்பத்தோடு கலந்து முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலில் திருப்பித் தர இயலாத ஏழை ஒருவரின் பெயரும் இருக்கட்டும்.

சேமித்த காசு பெட்டியில் தூங்குவதற்கல்ல. தகுந்த கைக்குப் போய்ச் சேர்வதற்கே. வீணாகக் கரைவதைத் தடுத்து, விரும்பிக் கொடுக்கும் மனத்தை வல்ல நாயன் நம் எல்லா வீடுகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.